தெர்மாமீட்டருக்கு மட்டும் நிழல்

சென்னையில் வெயிலிலிருந்து முழுப் பாதுகாப்புப் பெற்ற ஒரே குடிமகன் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்துத் தெர்மாமீட்டர்தான். அவருக்கென்று தனி வீடு. வெள்ளையடித்த மரப்பெட்டி. நாலு பக்கமும் சாய்வுச் சட்டம் அடித்திருப்பார்கள். காற்று வரும், வெயில் வராது. தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிற்க வேண்டும், கீழே புல் இருக்க வேண்டும். கதவு வடக்குப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். அளவெடுக்கத் திறக்கிற அந்த ஒரு நிமிடத்தில்கூட ஐயா மேல் வெயில் பட்டுவிடக் கூடாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே பொதுவாக இதுதான் விதி. ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அந்தச் சொகுசில் உட்கார்ந்துகொண்டு ஐயா "இன்றைக்கு 41" என்கிறார். சாயங்காலச் செய்தியில் நமக்கு வாசிப்பது அதைத்தான். நிழலில் இருந்தவருடைய வாக்குமூலம். வெயிலில் நின்றவரை யாரும் கேட்பதில்லை.

அறிவியலோடு எனக்குச் சண்டை கிடையாது. வெயிலில் வைத்தால் கருவி தன் சூட்டையே அளந்துகொண்டிருக்கும், காற்றின் சூடு தெரியாது. நியாயம்தான். ஆனால் வெயிலில் நிறுத்தினால் உருப்படியாக வேலை நடக்காது என்பதைக் கருவி விஷயத்தில் தயங்காமல் ஒப்புக்கொள்கிறவர்கள், மனுஷன் விஷயத்தில் மட்டும் "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

வெப்ப அலை என்ற பட்டத்தை வாங்குவதும் அவ்வளவு லேசில்லை. சமவெளி ஊர் என்றால் 40 டிகிரியைத் தொட வேண்டும், கடலோர ஊர் என்றால் 37. அது போதாது, அந்த நாளுக்குரிய இயல்பான வெப்பத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்துச் சென்னைக்கு 37, 38 என்பதே இயல்பு. எனவே 40 வந்தாலும் அலை வராது. கடற்காற்று வராமல் புழுங்கித் தொலைகிற நாளில் வியர்வை வழியும், ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அன்றைக்கு மயங்கி விழுகிறவன் அலை எதிலும் சிக்காமல், இயல்பு நிலையில், விதிகளுக்கு உட்பட்டு விழுகிறான்.

எனக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். காக்க வேண்டிய படை, காக்கப்பட வேண்டியவர்களையே எதிரி என்று அடிக்கிறது. நம் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் எல்லார் தோலையும்தான் சுடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டு எல்லாருக்கும்தான் தோலின் செல்கள் சாகின்றன. மற்றவர்கள் உடம்பு செத்ததைச் சத்தமில்லாமல் அள்ளிப் போட்டுவிடும். எங்களுக்கு அது தேங்கும். செத்த செல்லின் உட்கரு வெளியே கிடக்கும், அதைப் பார்த்ததும் எதிர்ப்புச் சக்தி ஆயுதம் எடுக்கும், கன்னத்தில் ஆரம்பித்த சண்டை மூட்டுக்குப் போகும், சிலருக்குச் சிறுநீரகத்துக்கும் போகும். வாசலில் வெயில், தண்டனை உள்ளே.

இதில் இன்னொரு சூழ்ச்சி உண்டு. தண்டனை அன்றைக்கே வராது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்றால் விரல் வீங்குவது புதனோ வியாழனோ. அதனால் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். "சண்டே கல்யாணத்துல பார்த்தேனே மேடம், நல்லாத்தானே இருந்தீங்க?" நல்லாத்தான் இருந்தேன். கல்யாண மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளை அழைப்பு என்று நடுரோட்டில் பேண்டு வாத்தியத்தோடு நிற்க வைத்தீர்களே, அதுவரைக்கும்.

நோயைக் கண்டுபிடிக்கவே ஒரு யுகம் ஆயிற்று. கன்னத்தில் கருப்பாகத் தடித்து, மூக்கின் மேல் ஏறி, அந்தக் கன்னத்துக்கும் இறங்கியது. தெருவே சேர்ந்து "மங்கு" என்று தீர்ப்புச் சொன்னது. ஜாதிக்காய் இழைத்துப் பூசச் சொன்னார்கள். ஒரு டாக்டரும் மங்கு என்றுதான் சொல்லி, வெளுக்கும் கிரீம் எழுதித் தந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புத்தகத்துப் படங்களில் வெள்ளைக்காரிகளின் கன்னம் பட்டாம்பூச்சி போலச் செக்கச் சிவந்திருக்கும். எங்கள் நிறத்துக் கன்னம் அப்படிப் படத்துக்கு ஏற்றபடி சிவந்து தருவதில்லை. கருஞ்சிவப்பாகவோ கருநீலமாகவோ தடித்துவிட்டு, அவமானப்பட்டுக்கொண்டு நிற்கும்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் ஆலோசகர்கள் வந்து சேர்ந்தார்கள். சூரிய நமஸ்காரம் பண்ணினால் எல்லாம் போய்விடும் என்றார் ஒருவர். எதனால் வந்ததோ அதையே கும்பிடச் சொல்கிறார், பெரிய மனசு. நம்ம உடம்பு வெயிலுக்குப் பழகின உடம்பு, நம்ம பாட்டி களையெடுத்தாளே, அவளுக்கு என்ன வந்தது என்றார் இன்னொருவர். பாட்டிக்கு என்ன வந்தது என்று யார் பார்த்தார்கள்? நாற்பதில் கூன் விழுந்து, ஐம்பதில் போய்ச் சேர்ந்தாள். "வயசாயிடுச்சு" என்று எழுதிக்கொண்டார்கள். வைட்டமின் டி கோஷ்டி தனி. உடம்பில் டி குறைந்தால் மாத்திரை இருக்கிறது ஐயா, வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். வெயில் கூடினால் எந்தக் கடையில் மாத்திரை விற்கிறீர்கள்?

எனக்கான மாத்திரை ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாவுக்கு வந்தது, எங்களுக்கு வாழ்வாயிற்று. 2020 மார்ச்சில் அதுதான் கொரோனாவுக்கு அருமருந்து என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் டிவியில் சொன்னார். அப்புறம் என்ன, மருந்துக் கடையில் மாத்திரையைக் காணோம். வாங்கி வீட்டு பீரோவில் பதுக்கியவர்கள் யாருக்கும் லூபஸ் இல்லை. இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. டிரம்ப் ஒரு சத்தம் போட்டார். ஏப்ரலில் தடை தளர்ந்து கப்பலோ விமானமோ ஏறிப் போனது. கடை வாசலில் வெயிலில் நின்ற நாங்கள் "ஸ்டாக் இல்லக்கா" என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பினோம். பிறகு அந்த மாத்திரை கொரோனாவுக்கு உதவாது என்று ஆராய்ச்சிகள் சொல்லின. பீரோவில் பதுக்கியவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை.

தோலில் பூசும் சன்ஸ்கிரீன் சட்டப்படி அழகுசாதனம், லிப்ஸ்டிக்குக்கு அண்ணன் தம்பி. விளம்பரத்தில் நடிகை கடற்கரையில் துள்ளி ஓடுவாள், "கறுக்க மாட்டீங்க" என்பாள். கறுப்பதற்குப் பயந்து நான் பூசுகிறேன் என்றுதான் மருத்துவக் காப்பீட்டுக்காரரும் நினைக்கிறார். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூச வேண்டும். டாக்டர் சொன்ன கணக்குப்படி பூசினால் சம்பளத்தில் ஒரு பங்கு கன்னத்திலேயே போய்விடும்.

ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நினைத்தேன். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். யுவிஏ தாராளமாக உள்ளே வரும். சரி, காருக்கு ஃபிலிம் ஒட்டலாமா என்றால், 2012இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று தடுத்தது. குற்றம் நடக்கிறது, உள்ளே யார் என்று தெரிவதில்லை, காரணங்கள் சரியானவையே. ஆனால் அந்தத் தீர்ப்பே யாருக்கு விலக்குக்கு வழி வைத்தது தெரியுமா? இசட், இசட் ப்ளஸ் பாதுகாப்பில் இருக்கும் பிரமுகர்களுக்கு. இந்தியாவில் வெயில் படாமல் கார் போக வேண்டுமென்றால் உங்களைக் கொல்ல நாலு பேர் காத்திருக்க வேண்டும். சூரியன் ஒருத்தன் காத்திருந்தால் போதாது. பின்னாளில் விதி திருத்தப்பட்டு, ஓரளவு வெளிச்சம் ஊடுருவுகிற ஃபிலிமுக்கு இடம் வந்தது. 2024இல் கேரள உயர் நீதிமன்றமும் அதற்கு அபராதம் போடக் கூடாது என்றது. சிக்னலில் நிற்கிற காவலர் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறாரா என்பது அவரவர் ஜாதகம்.

கார் இல்லாதவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள். எவர்சில்வர் இருக்கை: பன்னிரண்டு மணிக்கு அதில் தோசை வார்க்கலாம். கூரை ஒரு முழம் அகலம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மட்டும்தான் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அந்த நாட்களில் உச்சி வேளையில் மட்டும் கூரையின் நிழல் கூரைக்குக் கீழே விழும். மற்ற நேரமெல்லாம் நிழல் நடைபாதையைத் தாண்டி ஓடும் வண்டிகள் மேல் கிடக்கும், அல்லது பின்னால் சாக்கடை மேல். ஜனங்கள் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள், முதல் ஆள் தலை, இரண்டாம் ஆள் தோள், மூன்றாம் ஆள் மூக்கு மட்டும் நிழலில். பின்பக்கத்து விளம்பரப் பலகைக்கு மட்டும் விளக்கு, கண்ணாடி, பராமரிப்பு.

ஒரு தாலுகா அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்காகப் போயிருந்தேன். வளாகத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழல் முழுக்க ஒரு வெள்ளைக் கார், மேலே துணி உறை போட்டு. வரிசை ஜன்னலிலிருந்து கிளம்பி வெயிலில் நீண்டிருந்தது. ஜனங்கள் புத்திசாலிகள், யாரும் சொல்லாமலே வரிசை மெல்ல வளைந்து, காருக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு நிழலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. காவலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"நேரா நில்லுங்க. லைன்னா நேரா இருக்கணும்."

"நிழல்ல நின்னா என்னங்க? வரிசை மாறலையே" என்றேன்.

"எல்லாரும் வெயில்லதானே நிக்கிறாங்க? உங்களுக்கு மட்டும் என்னம்மா ஸ்பெஷல்?"

எனக்குப் பின்னால் ஒரு கிழவி, முந்தானையைத் தலையில் போட்டிருந்தவள், கேட்டாள்: "அந்தக் காரைக் கொஞ்சம் நவுத்தினா நாங்க பத்துப் பேரு நிப்போமே தம்பி?"

"அது சார் வண்டி ஆயா. வெயில்ல நின்னா சீட்டு சூடாயிடும்."

அந்தப் பையன் கேலியாகச் சொல்லவில்லை. கவலையோடு சொன்னான். சீட்டின் மேல் அவனுக்கு இருந்த பரிவு உண்மையானது. அவனுமே பகல் முழுக்க வெயிலில்தான் நின்றான், கழுத்துப் பட்டை வரை பொத்தான் போட்ட நீல யூனிஃபார்மில். நிழலுக்குப் போகும் எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. அந்த நிழல் யாருக்கு உரியது என்று அவனுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு நோய் இருக்கிறது என்றேன். ஊனமுற்றோர் அட்டை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. லூபஸ் அதில் இல்லை. அட்டைக்கு நான் ஊனமில்லை, வேலைக்கு நான் ஆரோக்கியமில்லை. குடையை விரித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றேன். "பார்றா, கலர் போயிடுமாம்" என்று பின்னால் எவனோ சொன்னான். வாரிசு என்று நிரூபிக்க நின்றதில், அப்பாவிடமிருந்து எனக்கு வர வேண்டிய ஆயுளில் கொஞ்சம் கழிந்தது.

குடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரசனுடைய வெண்கொற்றக் குடை நாட்டு மக்களுக்கெல்லாம் நிழல் தந்ததாகப் புலவர்கள் பாடினார்கள். குடை இருந்தது அரசன் தலைக்கு மேல். மக்களுக்குக் கிடைத்தது பாட்டு. பிற்காலத் திருவிதாங்கூரில் பாட்டும் இல்லை: நாடார், ஈழவர், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள், குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று தடை இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்த ராஜ்ஜியத்தில்தான் இருந்தது. தோள்சீலைக்காக நடந்த போராட்டத்தைப் படிக்கிறோம். அதே சட்டியில் வெந்த குடையை மறந்துவிட்டோம். மேலே வெயில், கீழே சுடுமண், நடுவில் சாதி. நிழலுக்கு அன்றே பட்டா போட்டாகிவிட்டது. வாரிசுகள்தான் மாறுகிறார்கள்.

2016 ஏப்ரலில் விருத்தாசலத்திலும் சேலத்திலும் ஜெயலலிதாவின் தேர்தல் கூட்டங்களுக்குப் போனவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தார்கள். மேடையில் ஏர் கூலர் ஓடியது. 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர அரசு ஒரு விருது விழா நடத்தியது. மேடைக்குப் பந்தல், மைதானத்துக்கு வானம். 14 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சி. பதினொன்றிலிருந்து ஒன்று வரை. கோடையில் "பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே வராதீர்கள்" என்று எச்சரிக்கிற அதே கடிகாரத்தில் பார்த்துக் குறித்த நேரம்தான். 5 பேர் வீடு திரும்பவில்லை. குடை, தொப்பி, தண்ணீரோடு வரச் சொல்லி முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டது என்று பிறகு விளக்கம் வந்தது. லட்சக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் குடையை விரித்துப் பாருங்கள், "மறைக்குது, மடக்கும்மா" என்று பத்துக் குரல் வரும். எல்லாரும் வானத்தைப் பார்க்க வந்தவர்கள் அல்லவா. பிரமுகர்களுக்கு மேடை இருந்தது, மேடைக்குக் கூரை இருந்தது. கூரையின் கீழிருந்து விமானம் எப்படித் தெரிந்ததோ.

2024 ஜூன் 1, மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் அன்று வெயிலில் இறந்ததாக அந்த மாநிலத் தேர்தல் அதிகாரியே சொன்னார். ஜனநாயகத்தின் திருவிழா என்கிறோம். திருவிழா என்றால் பலி இல்லாமலா?

திருவிழா என்றதும் நம்மூர்த் தண்ணீர்ப் பந்தலைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோடை வந்ததும் கட்சிகள் ஜனங்களின் தாகத்தைத் தீர்க்கக் கிளம்பிவிடும். நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, உள்ளே நாலு மண்பானை. பந்தல் பத்தடி என்றால் அதன் மேல் வைத்த பேனர் இருபதடி. வட்டம் வருவார், மாவட்டம் வருவார், பத்து மணிக்குத் திறப்பு என்றால் பன்னிரண்டுக்கு வருவார்கள். அதுவரை மகளிர் அணி வெயிலில் ஆரத்தித் தட்டோடு நிற்கும். ரிப்பன் வெட்டி, தர்பூசணியை வெட்டி, ஒரு தம்ளர் நீர்மோரைத் தலைவர் ஒரு கிழவருக்குக் கொடுப்பார். படம் சரியாக வரவில்லை என்றால் கிழவரிடமிருந்து தம்ளரை வாங்கி மறுபடி கொடுப்பார். அன்றைக்கு இளநீர், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு என்று தெருவே குளிரும். மறுநாள் போனால் பானை இருக்கும். அதற்கு அடுத்த நாள் பானை மேல் சங்கிலியில் கட்டிய தம்ளர் இருக்கும். ஒரு வாரத்தில் கீற்றை யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். பேனர் மட்டும் கிழியாமல் மே கடைசி வரை நிற்கும். ஆத்திரத்திலும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், எங்கள் தெருமுனையில் எனக்கு நம்பகமான நிழல் தந்தது அந்தப் பேனர்தான். தலைவரின் வேட்டி பக்கம் நின்றால் நாலு மணிக்கு நல்ல நிழல்.

கடவுளுக்கும் கத்திரி உறைக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். அக்னி நட்சத்திரத்தில் சிவலிங்கத்துக்கு மேல் தாராபாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகக் குளிர வைக்கிறோம். அதே கோயிலின் வெளிப் பிரகாரத்தில் கருங்கல்லில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடுகிற குழந்தையைப் பார்த்து "பக்தி இருந்தா சுடாது" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்துவதும் இதே வேதாந்தம்தான். மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் டீச்சர் "காலைல சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார். குற்றவாளி இட்லி.

மரம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஊருக்கு ஊர் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரம் கைகோத்து நின்றது. மாட்டு வண்டிக்காரன் அந்த நிழலில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தான். நாற்கரச் சாலைக்காக வெட்டினார்கள். வெட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, பசுமை வேண்டுமே என்று நட்டநடுவில் அரளி வைத்தார்கள். நிழல் தராது, ஆடு தின்னாது, மனுஷன் தின்றால் செத்துப்போவான். நம் சாலைக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்தச் செடியும் சொல்ல முடியாது. சென்னையில் 2024 கோடையில் சில சிக்னல்களில் பச்சை வலை கட்டினார்கள், பைக்கில் நிற்பவர்களுக்காக. நல்ல காரியம், மனசார வாழ்த்துகிறேன். மரத்தை வெட்டிய இடத்தில் மரத்தின் நிறத்திலாவது ஒரு துணி.

என் விஷயம் எவ்வளவோ தேவலை. எனக்கு நோய்க்குப் பெயர் இருக்கிறது, ஃபைல் இருக்கிறது, வெயில் கூடாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. நோயில்லாதவர்களுக்கு அந்தச் சீட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் சூட்டில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குக் கரு கலைந்தது, அந்தச் சூடு படாதவர்களில் 2 பேருக்கு. இந்தப் பெண்களுக்கு என்னைப் போல வெயில் ஆகாத நோய் எதுவும் கிடையாது. சாதாரண உடம்பு. சாதாரண உடம்பையும் நோயாளி ஆக்கும் அளவுக்கு வேலைநேரத்தை வகுத்து வைத்திருக்கிறோம். தூத்துக்குடி உப்பளத்தில் தரையும் வெள்ளை, உப்பும் வெள்ளை, மேலே அடிக்கிற வெயில் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். ஒதுங்கி ஒன்றுக்குப் போக மறைவில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அங்கே போய் இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுங்கள் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட ஊரில் நிழலில் நிற்கச் சட்டம் வர எத்தனை தேர்தல் ஆகுமோ. தி.நகரில் உள்ளே ஏசி ஜிலுஜிலு என்று வீசும் நகைக்கடைகளின் வாசலில், தலைப்பாகை கட்டி, கோட்டு மாட்டி, மீசை முறுக்கி ஒருவர் வெயிலில் நின்று கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் குளிர் வெளியே வரும். அதுதான் அவருடைய படி.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அறிவித்த முன்னோடி மாநிலங்களில் ஒன்று, பாராட்டத்தான் வேண்டும். செத்தவருக்கு 4 லட்சம் தருகிற அரசு, சாகாமல் இருக்க ஒரு கூரைக்கும் இரண்டு வேப்பங்கன்றுக்கும் கணக்குப் போட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று நிதித் துறையில் யாராவது பார்த்திருக்கலாம். ஆனால் கூரைக்கு டெண்டர் வேண்டும். சாவுக்கு வேண்டாம்.

4 லட்சமும் சும்மா வந்துவிடாது. வெப்பத்தால்தான் இறந்தார் என்று உரியவர் சான்று தர வேண்டும். வெயில் வெறுங்கையோடு கொல்லும் கொலையாளி; பழியை இதயத்தின் மேலோ சிறுநீரகத்தின் மேலோ போட்டுவிட்டுப் போய்விடும். சித்தாள் விழுந்தால் "நெஞ்சுவலி", கிழவர் விழுந்தால் "முதுமை", வாக்குச்சாவடி ஊழியர் விழுந்தால் "ஏற்கெனவே பிரஷர் இருந்தது". நான் விழுந்தால் இன்னும் வசதி. ஃபைல் முழுக்க லூபஸ் என்று இருக்கிறது, அதைப் பார்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது, சூரியன் வழக்கிலேயே வராது. தங்கையிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்: "அந்தச் சான்றிதழுக்கு அலையாதே. அப்படியே மனசு கேட்காமல் போனால், கார் நிற்கிற பக்கம் போகாதே, அது சார் வண்டி. குடையை எடுத்துப் போ. எவனாவது கலர் போயிடும் என்றால் ஆமாம் என்று சொல்லிவிடு, நோய் என்று சொன்னால் அட்டை கேட்பார்கள்."